அறுபது நானோ செகண்ட் சீக்கிரம்

கனெக்டர் ஆடியது.

கடிகாரக்காரர் மறுபடியும் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் ஆடியது. மேஜைக்கடியில் மல்லாந்து படுத்தபடியே டார்ச் அடித்துப் பார்த்தார். கடிகாரத்துக்குப் போகிற கேபிளின் முனை அரைச் சுற்று முறுக்கப்படாமல் நின்றிருந்தது. விட்டது யார் என்று விசாரணை வைக்கத் தேவையில்லை. இந்த ஆய்வுக்கூடத்தில் கடிகாரங்களையும் கேபிள்களையும் தொடுகிற ஒரே ஆள் அவர்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கனெக்டரை முறுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். "என்னங்க, வீட்ல அடுப்பை அணைச்சீங்களா?" போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினார். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

அந்த மூன்று வாரமாகத்தான் துகள்கள் ஒளியை முந்திக்கொண்டிருந்தன.

விஷயம் இதுதான். மலைக்கு அந்தப் பக்கம், எழுநூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையம். அரைமணிக்கு ஒரு தடவை அங்கிருந்து துகள்களைக் கொத்தாக அனுப்புவார்கள். அவை மண்ணையும் பாறையையும் சட்டை செய்யாமல் நேராக வந்து இங்கே தரைக்கடியில் இருக்கும் கருவியில் விழும். அங்கே அனுப்பினால்தான் இங்கே திரையில் புள்ளி தெரியும். எந்தக் கொத்து எப்போது கிளம்பும் என்ற அட்டவணை முதல் நாளே வந்துவிடும். அட்டவணை இருக்கிற தைரியத்தில் யாரும் யாருக்கும் போன் செய்து கேட்பதில்லை. வந்த நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழித்தால் கணக்கு முடிந்தது.

கழித்துப் பார்த்தால் ஒளியைவிட அறுபது நானோ செகண்ட் சீக்கிரம். ஒரு செகண்டை நூறு கோடித் துண்டாக நறுக்கி, அதில் அறுபது துண்டு. கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஒரே ஆணியில்தான் பௌதிகம் தன் சட்டை துணிமணியெல்லாம் மாட்டி வைத்திருக்கிறது.

அந்த ஆணி ஆடுகிறது என்று அறிவிக்க, இன்று மாலை நாலு மணிக்கு நிருபர்களை வரச் சொல்லியிருந்தாள் ஆய்வுக்கூடத்தின் தலைவி. அதாவது, அவருடைய மனைவி.

பதினெட்டு வருஷம் அவள் இந்தப் பாதாளத்தில் உட்கார்ந்து புள்ளி எண்ணியிருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த மூன்று வாரமாக வீட்டில் பாட்டு முணுமுணுக்கிறாள். கல்யாணமான புதிதில் கேட்ட பாட்டு. அதை நிறுத்துகிற பாவி தானாக இருக்கக் கூடாது என்று அவருக்கு இருந்தது. சொல்லாமலும் முடியாது. நாளைக்கு எவனாவது வந்து கனெக்டரைத் தொட்டுப் பார்த்தால் ஊர் உலகமெல்லாம் அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. சத்தமில்லாமல் முறுக்கிவிடலாம். அடுத்த கொத்து சரியான நேரத்துக்கு வரும். அறுபது பூஜ்யமாவதை அவளே பார்த்து அறிவிப்பைத் தள்ளிப்போடுவாள். அவர் வாயே திறக்க வேண்டாம்.

முறுக்கினார். பன்னிரண்டு மணிக் கொத்து வந்தது.

மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் குரலில் சுவர் ஸ்பீக்கர் அலறியது. "என்னங்க! தொண்ணூறு!"

வேலை நேரத்தில் அவள் அவரை 'சார்' என்பாள், அவர் அவளை 'டாக்டர்' என்பார். பதினெட்டு வருஷக் கட்டுப்பாடு அது. சந்தோஷத்தில் அவள் அதைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டாள்.

"தொண்ணூறா? குறையலையா?"

"ஏன் குறையணும்?"

"சும்மா கேட்டேன், டாக்டர்."

கேபிளே பழுது போலிருக்கிறது என்று நினைத்தார். நாற்பத்திரண்டு படி ஏறி ஸ்டோரிலிருந்து புதுக் கேபிள் எடுத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு படி இறங்கி மாற்றினார். பன்னிரண்டரைக் கொத்து தொள்ளாயிரம் நானோ செகண்ட் சீக்கிரம் வந்தது.

மேலே கைதட்டல் கேட்டது. யாரோ விசிலடித்தார்கள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், மூடினார். எழுந்து நடந்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அப்படியானால் கடிகாரம்தான் தப்பு. அதை அணைத்து, செயற்கைக்கோளோடு நேரம் சேர்த்து மறுபடி ஓடவிட்டார். ரெண்டு மணிக் கொத்து ஒரு மில்லி செகண்ட் சீக்கிரம் வந்தது. நானோ என்கிற பேச்சே போய்விட்டது.

துகள் கணக்குப் போடுகிற, தடித்த கண்ணாடிக்காரர் 'சோடாபுட்டி' படியில் எதிர்ப்பட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணே, நிமிஷத்துக்கு நிமிஷம் வேகம் கூடுது! நீங்க கீழ ஏதாவது செய்றீங்களா?"

"நான் ஒண்ணும் செய்யல," என்றார் கடிகாரக்காரர், முதுகுக்குப் பின்னால் ஸ்பானரை ஒளித்தபடி.

"அதையே செய்ங்க!"

மிச்சமிருந்தது ஒன்றுதான். பெட்டி பிரிக்காத மாற்றுக் கடிகாரம். அதைப் பொருத்தி, பழையதைத் தூக்கி வெளியே வைத்தார். மூன்றரைக் கொத்து வந்தது. மூன்று மில்லி செகண்ட் சீக்கிரம்.

இந்தத் தடவை கைதட்டல் கேட்கவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. மேலே ஓடினார்.

கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் திரையைப் பார்த்து நின்றிருந்தார்கள். நிருபர்கள் பக்கத்து ஹாலில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"டாக்டர்," என்றார் சோடாபுட்டி மெதுவாக. "அங்கேருந்து இங்க வர ஒளிக்கே ரெண்டரை மில்லி செகண்ட் ஆகும். இது ஒளிக்கு மூணு மில்லி செகண்ட் முன்னாடி வந்திருக்கு. அப்படின்னா..."

"சொல்லாதீங்க."

"கிளம்பறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "முந்தறது வேற, இது வேற. இப்படி நடந்தா அடி விழறதுக்கு முன்னாடி வலிக்கும். கேள்விக்கு முன்னாடி பதில் வரும். ஒண்ணுக்கு ஒண்ணு காரணம்னு எதையும் சொல்ல முடியாது. பௌதிகத்தை மூட்டை கட்டி வெச்சிட்டுப் போகவேண்டியதுதான். இருக்காது. எங்கேயோ தப்பு இருக்கு."

"இருக்கு," என்றார் கடிகாரக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கனெக்டர் லூசா இருந்துச்சு. மூணு வாரமா. முறுக்கிக்கிட்டிருந்தப்ப போன் வந்துச்சு, வீட்டுக்கு ஓடிட்டேன். இன்னிக்குத்தான் பார்த்தேன். சரி பண்ணப் போய், கேபிளை மாத்தி, கடிகாரத்தை மாத்தி... தொட்டதெல்லாம் மோசமாயிடுச்சு."

"யார் போன்?" என்றார் சோடாபுட்டி.

அவள் காதுவரை சிவந்தாள்.

"என்கிட்ட முதல்லயே சொல்ல என்ன?"

"நீ பாடிக்கிட்டிருந்தே," என்றார். அத்தனை பேர் நடுவில் 'நீ' என்று சொல்லிவிட்டோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நேராக ஹாலுக்குப் போனாள். கதவு வழியே குரல் தெளிவாகக் கேட்டது. எங்கள் முடிவு தவறு, கருவியில் கோளாறு, பொறுப்பு தலைவியாகிய என்னுடையது, ஒளியை எதுவும் முந்தவில்லை. கணவர் என்ற சொல்லே வரவில்லை.

நாலரைக்குள் எல்லாம் முடிந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை ஆய்வுக்கூடங்களுக்கும் வாபஸ் கடிதம் போய்விட்டது. நிருபர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சோடாபுட்டி பலகையில் பெரிதாக எழுதியிருந்த அறுபதை முழங்கையால் அழித்தார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். கண்ணைத் திறக்காமலே அவள் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"போனாப் போகுது," என்றாள். "பௌதிகமாவது பிழைச்சுதே."

அப்போது மேஜை மேல் இருந்த டெலிபோன் அடித்தது. வருஷக்கணக்காக அடிக்காத போன். அவர் எடுத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மலைக்கு அந்தப் பக்கத்து நிலையத்து ஆபரேட்டர், கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினார்.

"மன்னிச்சுக்கோங்க சார், காலையிலேயே சொல்லியிருக்கணும், இங்க மெஷின் ரிப்பேராகி இன்னிக்கு ஒரு கொத்துகூட அனுப்பல, இப்பதான் சரியாச்சு... காலையிலேருந்து விட்டுப்போன கொத்தையெல்லாம் அனுப்ப ஆரம்பிக்கட்டுமா?"