நூறு ஆக்டேனும் சீமெண்ணெய் அண்ணனும்

"...எம்புட்டு அழுத்துனாலும் நேரம் வர்றதுக்கு முன்னாடி வெடிக்கக் கூடாது மாப்ள. அதுக்குப் பேருதான் ஆக்டேன். அது வேகம் கெடையாது, பொறுமை!" என்று எனக்கு விளக்கிக்கொண்டே, வாசலில் இரண்டாவது தடவை ஹாரன் அடித்த மினி லாரிக்காரன் மேல் ஸ்பானரை வீசினார் சீமெண்ணெய் அண்ணன்.

மதுரையில் அவரைவிடப் பெட்ரோலைப் புரிந்துகொண்டவர் கிடையாது. அவரைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்பவரும் கிடையாது. செல்லூரில் விசைத்தறி உதிரிபாகம் விற்கும் கடை அவருடையது. பட்டப்பெயர் அவரே தேடிக்கொண்டது. "சீமெண்ணெய்க்கு ஆக்டேன் ரொம்பக் கம்மிப்பா. லேசா அழுத்துனாலே வெடிச்சிரும்" என்று டீக்கடையில் ஒருநாள் சொன்னார். சொன்ன வாய் மூடுமுன், டீயில் சர்க்கரை கூடிப்போச்சென்று கிளாசை உடைத்தார். தெரு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டது. நேரில் மட்டும் வெறும் 'அண்ணே'.

பெட்ரோல் பங்கில் அவரைப் பார்த்தாலே ஊழியர்கள் காற்றடிக்கும் பக்கம் ஒதுங்குவார்கள். யாராவது சாதாரண ஸ்கூட்டருக்கு உசத்திப் பெட்ரோல் போட்டால் இவருக்குப் பொறுக்காது. "கஞ்சி குடிக்கிற வண்டிக்கு எதுக்கு மாப்ள பிரியாணி? அதுக்குச் செரிக்கவா போகுது?" என்று வழியை மறித்துக்கொண்டு நிற்பார். பின்னால் வண்டிகள் பாலம் வரை நிற்கும்.

பிரியாணி கேட்கும் வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. பழைய பைக் எஞ்சினை வருடக்கணக்கில் செதுக்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்திருந்தார். உள்ளே கலவையை அது அழுத்துகிற அழுத்துக்குச் சாதா பெட்ரோல் தாங்காது. பிளக் பொறி விடுமுன்னே தானாகப் பற்றி, சுத்தியலால் அடிப்பதுபோல் 'டங் டங்'கென்று தட்டும். விட்டால் பிஸ்டனில் ஓட்டை. அந்தத் தட்டலைக் கண்டுபிடிக்க, நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கண்மூடி நிற்பார். அவர் வாயை மூடி நிற்கும் நேரம் அது ஒன்றுதான்.

ஊருக்கு வெளியே வறண்ட கண்மாயில் ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அவர் எஞ்சின் முதன்முதலாக இறங்கப்போகிறது. ஓட்டப்போவது அவர் மச்சினன். நூறு ஆக்டேன் பெட்ரோல் மதுரைப் பங்குகளில் இருப்பு இல்லையென்று, மச்சினனைக் கோயம்புத்தூருக்கு விரட்டி ஒரு கேன் வாங்கிவரச் செய்திருந்தார்.

சனிக்கிழமை விடியலில், கருப்பனுக்கு மாலை சாத்த அழகர்கோவிலுக்குப் போய்விட்டு மதியம்தான் திரும்பினார். கேன் காலி.

"நாந்தேன் எடுத்துக் குடுத்தேன்" என்றார் அவர் மனைவி பாண்டியம்மாள் அக்கா, இடுப்பில் கை வைத்து. "நம்ம தெரு ஆட்டோக்காரக் காதர் பொண்டாட்டிக்கு வலி வந்துருச்சு. ஆட்டோல சொட்டுப் பெட்ரோல் இல்ல. ஒங்க வண்டி பிரசவத்துக்கா துடிச்சுச்சு?"

தெருவில் சன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டிலிருந்து நான்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணன் முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்து ஆட்டோவோடு வந்து இறங்கினார் காதர்.

"பொம்பளப் புள்ளண்ணே! ஒங்க பெட்ரோலுக்கு வண்டி பறந்துச்சுண்ணே! கண்ண மூடித் தொறக்கல, கோரிப்பாளையம் ஆஸ்பத்திரி!"

வெடித்தது.

"பறந்துச்சா? அடேய், அழுத்தமே இல்லாத எஞ்சின்ல நூறு ஊத்துனா என்ன, சாதா ஊத்துனா என்ன? ஒம் பொண்டாட்டி கத்துன கத்துல நீ முறுக்கிருப்ப! அதுக்குப் பேரு ஆக்டேனாடா?"

கேன் காலியானதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காதர் தலையாட்டிக்கொண்டே இனிப்பை நீட்டினார். அண்ணன் அதை வாயில் போட்டுக்கொண்டு போய்ப் பைக் அருகே உட்கார்ந்தார். எஞ்சின் தலையைக் கழற்றி, அடியில் இன்னொரு கேஸ்கெட் தகட்டைச் சேர்த்து வைத்தார். உள்ளே இடம் கூடினால் அழுத்தம் குறையும். சாதா பெட்ரோலே போதும்.

"மாமா, பவரு குறைஞ்சிருமே" என்றான் மச்சினன், அழாத குறையாக.

"குறையட்டும்டா. கஞ்சி குடிச்சுப் பழகட்டும்."

மறுநாள் கண்மாயில் கடைசியாக வந்தது எங்கள் வண்டி. புழுதியில் மற்றவர்களுக்கு அது வந்ததே தெரியவில்லை. அண்ணன் யாரையும் திட்டவில்லை. திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "தட்டல" என்றார். அதே புழுதிச் சட்டையோடு என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார்.

வார்டில் ஒரே இரைச்சல். காதர் பிள்ளை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கிரீஸ் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மெல்லக் குனிந்து, குழந்தையின் நெஞ்சுக்கு மிக அருகே காதைக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"தட்டல மாப்ள" என்றார் என்னிடம். செல்லூரையே அதிரவைக்கும் அந்தக் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.