என் சம்சாரத்தின் கால்வீக்கமும் தங்கள் சாராய விடையும்

நந்திதுர்க் லைன்,
கோலார் தங்கவயல்,
1907, ஜூலை, சனிக்கிழமை.

கனம் பொருந்திய ‘தேகசுக தீபிகை’ பத்திராதிபர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு, நந்திதுர்க் சுரங்கத்தில் ஆள் இறங்கும் குழியான ஷாஃப்ட்டு வாசலில் ஆள்வருகை எழுதும் டைம்கீப்பர் ஏனோக் வந்தனத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அவ்விடம் சுகமாயிருப்பீர்கள் என்று எழுதுவது மரியாதை ஆகையால் எழுதுகிறேன். இவ்விடம் நானும் என் சம்சாரம் இசபெல்லாவும் எங்கள் கைக்குழந்தையும் கர்த்தருடைய கிருபையால் உயிரோடிருக்கிறோம். இதில் தங்கள் பத்திரிகையின் கிருபை கடுகளவும் கிடையாது. மரியாதை இந்த இடத்தில் முடிந்தது, ஐயா.

தங்கள் பத்திரிகையில் வைத்தியர் எழுதும் ‘வினாவும் விடையும்’ பக்கத்தை நான் வேதபுத்தகத்துக்கு அடுத்தபடியாக வாசித்துவந்தவன். யாரோ ஒரு திருநெல்வேலி நேயருக்கு ஜலதோஷம் என்றால் அவருக்குச் சொன்ன வைத்தியத்தை நானும் செய்வேன். மிளகைச் சுட்டு அந்தப் புகையைப் பிடிக்கச் சொல்லியிருந்தீர்கள். பிடித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஷாஃப்ட்டு வாசலில் நான் போட்ட ஒரே தும்மலில் மசிக்கூடு கவிழ்ந்து, அன்றைய ஷிஃப்ட்டுக்கு இறங்கினவர்கள் பெயரெல்லாம் கறுத்துப்போய், பூமிக்குள்ளே பாறை உடைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வேலைக்கு வராதவர்கள் என்றாயிற்று. மேலே வந்ததும் அவர்கள் என்னை ஆள் இறக்கும் கேஜ் கூண்டில் ஏற்றாமலே குழிக்குள் அனுப்பப் பார்த்தார்கள். அப்போதுகூட நான் தங்களைக் குறை சொல்லவில்லை. தும்மியது என் மூக்குதானே என்று சும்மாயிருந்தேன்.

ஆனால் இது மூக்குச் சமாசாரம் அல்ல. இசபெல்லா பிள்ளை பெற்று எழுந்து நடமாடத் தொடங்கிய சமயம், அவளுடைய இடது கால் திடீரென்று தொடைமுதல் பாதம்வரை வீங்கி, வெள்ளை வெளேரென்று மினுமினுத்து, தொட்டால் சுட்டது. பாயிலிருந்து எழுந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்த அவளுடைய அக்காள் ஜூடித், “வாயுதாங்க. நாலு நாளில போய்டும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் இட்டுக்கினு போகாதீங்க, அங்க கால வெட்டிடுவாங்க” என்றார்கள். சுரங்கத்தில் அடிபட்டு அந்த ஆஸ்பத்திரிக்குள் இரண்டு காலோடு போய் ஒரு காலோடு வந்தவர்களை எங்கள் குடியிருப்பு லைன் முழுக்கப் பார்க்கிறோம். பயம் வராதா? ஆகவே அதிகம் படித்தவர் ஒருவரிடம் கேட்போம் என்று தங்கள் வைத்தியருக்கே எழுதினேன். விஷயத்தைச் சுருக்கமாக எழுதும்படி தாங்களே விதித்திருப்பதால், காலில் வீக்கம், வலி, பரிகாரம் வேண்டும் என்று எழுதித் தபாலில் போட்டேன்.

அடுத்த இதழிலேயே விடை வந்துவிட்டது. இவ்வளவு விரைவாகவா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா! வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து உரக்க வாசித்தேன். “நந்திதுர்க் ஏ. அவர்களுக்கு: கால்வீக்கம் ஸ்தூல சரீரத்தின் பாரத்தால் உண்டானது. மாமிசம், நெய், முக்கியமாகச் சாராயம் இவற்றை உடனே நிறுத்துக. தினமும் காலையில் வியர்க்க வியர்க்க நடக்க. காலை நல்லெண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்க.”

 ஜூடித் அக்காள் தங்கையை மேலும் கீழும் பார்த்தார்கள். “இன்னாடி இது? எனக்குத் தெரியாம குடிக்கிறியா?”

என் இசபெல்லா எப்படிப்பட்டவள் தெரியுமா? உபதேசியார் மகள். கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள். கல்யாணத்தில் நான் போட்ட வளையல் அவள் முழங்கைக்குமேல் ஏறிப்போகும், அத்தனை மெலிவு. ஸ்தூல சரீரமாம்! ஆனாலும் அச்சில் வந்ததாயிற்றே. பாவி நான், ஒரு கணம், ஒரே ஒரு கணம், அரிசிப்பானைக்குள் கைவிட்டுப் பார்த்தேன்.

“பானையில இன்னா தேடுறீங்க?” என்றாள் இசபெல்லா.

“ஒன்னுமில்ல. அரிசி கீதான்னு பாத்தேன்.”

“புட்டி கீதான்னு பாத்தீங்க” என்று சொல்லி முகத்தைச் சுவரோரம் திருப்பிக்கொண்டாள். பேச்சு நின்றுபோயிற்று. எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. அன்று பேசாமற்போனதற்குக் காரணம் தாங்கள்.

பிள்ளைபெற்றவளுக்கு நெய்யும் கறியும் நின்றன. காலையில் மண்மேடுவரை நடத்திக்கொண்டு போனோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள். பாதி வழியில் கண் இருண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் தேய்ப்பு. கடைவீதியில் சுளுக்கு எடுக்கும் வெங்கடம்மாவை ஜூடித் அக்காள் கூட்டிவந்தார்கள். அந்த அம்மாள் எண்ணெயைச் சுடவைத்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, “கொஞ்சம் ஓர்ச்சுக்கோம்மா, பொறுத்துக்கோ” என்று ஒரு அழுத்து அழுத்தினார்கள் பாருங்கள், இசபெல்லா போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது, பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள், நான் செருப்பும் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெட்டினால் வெட்டட்டும், ஆள் மிஞ்சினால் போதும் என்று ஓடினேன்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா வந்தார். வாசற்படியிலிருந்தே, “ஏய்! கையை எடு! அந்தக் காலைத் தொடாதே!” என்று அவர் போட்ட அதட்டலில் வெங்கடம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் காலை மெல்லப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

“பிள்ளை பெத்தவங்களுக்குச் சில பேருக்கு இது வரும். கால் ரத்தக்குழாயில ரத்தம் தயிர் மாதிரி உறைஞ்சி கட்டியாய் அடைச்சிருக்கு. தேய்ச்சா அதுல ஒரு துண்டு பிஞ்சி நெஞ்சுக்குப் போகும். அப்புறம் மூச்சு நின்னுடும். யாருய்யா தேய்க்கச் சொன்னது?”

நான் தங்கள் பத்திரிகையை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, “சாராயம் வேறயா?” என்றார். எனக்குப் பூமி பிளந்து ஷாஃப்ட்டின் கடைசி லெவலுக்குப் போய்விடமாட்டோமா என்றிருந்தது.

காலைத் தலையணையில் உயர்த்திவைத்து, பஞ்சு சுற்றி, அசையாமல் படுக்கவைத்தார். நெய்யும் பாலும் திரும்பக் கொடுக்கச் சொன்னார். அதன்பின் நான் தூங்கியதாக நினைவில்லை. அவள் ஒருமுறை இருமினாலும் எழுந்து விளக்கைத் தூண்டுவேன். அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகில் கை வைப்பேன். ஒருநாள் அப்படி வைத்தபோது கண்ணைத் திறக்காமலே, “உயிரோடதான் கீறேன். கையில புகையில நாத்தம், எடுங்க” என்றாள். அவள் என்னோடு பேசிவிட்டாள். ஐயா, அந்தப் புகையிலையை அன்றே விட்டேன். வாரங்கள் போய் வீக்கம் வடிந்தது. நேற்று அவளே எழுந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள்.

இப்போது நான் கேட்கிறேன். முகம் பார்க்காமல், காலைத் தொடாமல், கேட்டவர் ஆணா பெண்ணா என்றுகூட விசாரிக்காமல், சாராயம் என்று எழுத அந்த வைத்தியருக்கு எப்படிக் கை வந்தது? அவர் வைத்தியரா, கள்ளுக்கடை குத்தகைதாரரா? நான் சந்தாவை நிறுத்துகிறேன். தங்கள் பத்திரிகையை நந்திதுர்க்கில் ஒருவரும் தொடாதபடி பார்த்துக்கொள்வேன். பக்கத்துப் பாலகாட் சுரங்கத்துக்கும் போய்ச் சொல்வேன். தங்கள் வைத்தியர் இந்தப் பக்கம் வந்தால் அவரையே மண்மேட்டில் வியர்க்க வியர்க்க நடக்கவைத்து, வெங்கடம்மாவின் கையில் ஒப்படைப்பேன்.

தங்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகளுக்கு மாத்திரம் என் அன்பான விசாரிப்பு. அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். கர்த்தர் அவர்களைத் தங்கள் பத்திரிகையிலிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
கோபம் தணியாத,
ஏனோக்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தபால்காரர் புதிய இதழைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுப்பில் போடப்போனேன். இசபெல்லா பிடுங்கிப் பிரித்தாள். “இங்க பாருங்க, நமக்கு ஒன்னு போட்டிருக்குது” என்றாள். “நந்திதுர்க் ஏ. அவர்களுக்கு: தாங்கள் எழுதியது போதாது. வீங்கியது பிள்ளைபெற்றவளின் கால் என்றால் தேய்க்கவே கூடாது, நடத்தவும் கூடாது, உடனே ஆஸ்பத்திரி வைத்தியரை அழைக்க” என்று தெளிவாக இருக்கிறது. அப்படியானால் போன விடை யாருக்கு? பழைய இதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அங்கே அச்சிட்டிருப்பது ‘எ’தான். அதை ‘ஏ’ ஆக்கிய இழுப்பு தாளில் ஒட்டியிருந்த வைக்கோல் நார். நகத்தால் சுரண்டினதும் கையோடு வந்துவிட்டது. மேலே எழுதிய வசவு அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். சந்தாவும் நிற்காது. காலைத் தேய்க்கக்கூடாது என்பதை மாத்திரம் இன்னும் பெரிய எழுத்தில் போடுங்கள், இந்த லைனிலேயே பிள்ளைபெறப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அந்த ‘எ’ எங்கள் இன்ஜின் டிரைவர் எட்மண்ட். அவர் உட்கார இரண்டு நாற்காலி வேண்டும். தங்களுக்குக் கேள்வி எழுதிப்போட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்தாராம். கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். “கறிய வுடணுமா? சாராயத்தயும் வுடணுமா? நடக்க வேற சொல்றானா? யாருய்யா அவன்?” என்று கத்தினார். இப்போது என் எதிரே உட்கார்ந்துகொண்டு ஒரு தாள் கேட்கிறார். கொடுத்தேன். பேனாவையும் கேட்கிறார்.