பஞ்சுமலைக்கு ஏறிய வேன்

பெரியதம்பியின் கால்கள் இரண்டும் வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே, புதிதாக அடித்த பலகைக் கட்டிலில், மிச்சப் பெரியதம்பி கண்களை மூடிப் படுத்திருந்தார்.

"எப்பிடி ஐயா கட்டில்?" என்று அந்தக் கால்களிடம் கேட்டான் முஹ்ஸின். அலவத்துகொடையில் அவனுடைய கராஜ்.

"கட்டில் பிரமாதம் தம்பி. கால்தான் கொஞ்சம் மிஞ்சுது."

"அப்பவே சென்னேன், நீட்டு வேன எடுங்க எண்டு. நீங்கதான் மலை வளைவுல திரும்பாது, குட்டைதான் வேணும் எண்டீங்க."

உண்மைதான். கண்டியில், கிராமப் பாதைகளைக் கவனிப்பதற்கென்று இருந்த ஒரு காரியாலயத்தில் பெரியதம்பி பிரதம லிகிதர். நாலு சில்லும் இழுக்கிற வேன் ஒன்றைத் தெரிவு செய்ய ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். நீளமா குட்டையா, டீசலா பெற்றோலா, கூரை உயர்வா தாழ்வா என்று ஆராய்ந்து ஆராய்ந்து முடிவு கண்டார். அவருடைய மேசையில் வேறெந்த விஷயமும் இவ்வளவு விரைவாக முடிந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரேயொரு வரி. 'எங்கள் பஞ்சுமலைக்கு இதுவரை எந்த வாகனமும் வந்ததில்லை; காலையில் கதவைத் திறந்தால் முகில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.' எங்கே வாசித்தார் என்பது மறந்துவிட்டது. வரி மட்டும் மறக்கவில்லை. காரியாலயத்தில் மதியம் இரண்டு மணியானால் அந்த முகில் யன்னல் வழியாக வந்து கோப்புகளின் மேல் படரும். எதிர்க் கதிரையில் யாராவது மனுவோடு காத்திருப்பார்கள். பெரியதம்பி அங்கே இருக்கமாட்டார்.

அவருடைய மனைவி பரிமளம் முகிலுக்கெல்லாம் மயங்குகிறவள் அல்ல. "ஒரே ஒரு பயணம். இந்த வேன் அந்த மலைக்கு ஏறிச்சுன்னா அப்புறம் உங்க இஷ்டம். ஏறலேன்னா, திங்கக்கெழமையே முஹ்ஸின் தம்பிக்கிட்டக் குடுத்திருங்க. ஸ்கூல் புள்ளைங்களையாவது ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

பெரியதம்பி கட்டிலிலிருந்து இறங்கி, சட்டைப்பையிலிருந்த தாளை விரித்தார். காரியாலயத்தில் ஒரு பக்கம் பாவித்த தாள். அரசாங்கக் காகிதத்தை வீணாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வெற்றுப் பக்கத்தில் சிவப்பு மையால் வேனை வரைந்து, எது எங்கே என்று இலக்கமிட்டிருந்தார்.

"பின்கதவக் கழட்டிட்டு ஒரு பெட்டி கட்டுவோம் தம்பி. காலுக்கு இடம் வந்திடும்."

கட்டினான். பின்பக்கம் பாரம் கூடி, வேனின் மூக்கு வானத்தைப் பார்த்தது. மூக்கை இறக்க, கூரையின் முன்பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி வைத்தார்கள். வேன் வளைவுகளில் ஆடியது. ஆட்டத்தை நிறுத்த அடியில் மணல் மூட்டைகள் போட்டார்கள். வயிறு தரையில் தட்டியது. பெரிய டயர் மாட்டினார்கள். பரிமளத்தால் ஏற முடியவில்லை.

"நான் என்ன குருவியா, பறந்து வந்து குந்த?"

அவளுக்காக ஒரு முக்காலி செய்யப்பட்டது. அதை வைக்க உள்ளே இடமில்லை. அடுப்பு ஒரு பக்கம், பரிமளத்தின் தேங்காய் திருவலை மறு பக்கம். கடைசியில் முக்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார்கள். பெரியதம்பியின் கால்கள் பழையபடி மிஞ்சின.

"அப்ப மறுபடியும்..." என்று தாளை எடுத்தார் பெரியதம்பி.

"ஐயா, காலக் கொஞ்சம் மடக்கிப் படுங்களேன்," என்றான் முஹ்ஸின், இரண்டு மாத வேலையில் களைத்துப்போய்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் புறப்பட்டார்கள். தெல்தெனியவில் நீர்த்தேக்கம் தூக்கத்தில் கிடந்தது. கூரைத் தாங்கியில் தண்ணீர் தாலாட்டுப் போல அசைந்தது. ஹுன்னஸ்கிரியவைத் தாண்டித் திரும்பியதும் தார் முடிந்தது. பெரியதம்பிக்கு உலகம் தொடங்கியது. மரங்கள் பாதியில் கரைந்து நின்றன. பாதையே மெல்ல ஆவியாகிக்கொண்டிருந்தது.

"பாத்தியா பரிமளம், ரோட்டே இல்ல!" என்றார், பரிசு கிடைத்தவர் போல.

மூன்றாவது வளைவில் வேன் நின்றது. பெரியதம்பி மிடுக்காகக் கியரைத் தள்ளினார். நாலு சில்லும் மிகுந்த ஒற்றுமையோடு சேற்றில் சுழன்றன.

"திங்கக்கெழமை," என்றாள் பரிமளம்.

அப்போது முகிலுக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வெளிப்பட்டார்கள். கீழே கடைக்குப் போய் கோதுமை மா மூட்டைகளோடு திரும்புகிறவர்கள். முன்னால் வந்த பெண் மூட்டையை இறக்கிவிட்டு வேனைச் சுற்றிப் பார்த்தாள்.

"நான் இராஜகுமாரி சார். மேல பாலர் பாடசாலையில டீச்சர். கவலப்படாதீங்க, ஏத்திருவோம்."

"உங்களுக்கெல்லாம் பெரிய சிரமம்..."

"என்னா சிரமம்? சொகமில்லாதவங்கள கதிரையில வச்சு இந்த வழியாத்தானே தூக்கிட்டு எறங்குறோம். அவங்களாச்சும் மொனகுவாங்க. வேன் பேசாம வரும். ஆனா சாமான் எல்லாத்தையும் எறக்கணும். திரும்ப வைக்கிறப்போ எது எங்கன்னு கொழம்பிரும்."

"கொழம்பவே கொழம்பாது!" பெரியதம்பி தாளைப் பெருமையோடு நீட்டினார். "எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்கு."

கட்டில், அடுப்பு, திருவலை, முக்காலி என்று ஒவ்வொன்றும் ஒரு தலையில் ஏறி முகிலுக்குள் போனது. மணலைப் பள்ளத்தில் கொட்டினார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பதினொரு மாதக் கனவு வரிசையாக நடந்து மலையேறுவதைப் பெரியதம்பி வாய் பிளந்து பார்த்தார். வெறும் கூடாகிவிட்ட வேனை ஆண்கள் பின்னாலிருந்து தள்ள, அது ஆட்டுக்குட்டி போலத் துள்ளி ஏறியது.

மேலே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், வேனின் கதவைத் திறந்தார். முகில் உள்ளே வந்தது. நிதானமாக, அழைத்த விருந்தாளி போல, வெறும் தரையில் உட்கார்ந்தது. பெரியதம்பியின் கண்கள் கலங்கின.

"ஏறிடுச்சு பரிமளம்!"

"ஏறிச்சு, ஏறிச்சு," என்றாள் அவள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "வச்சுக்கங்க உங்க வேனை."

பெரியதம்பி கைகளை விரித்து, மலைக்கே கேட்கும்படி சொன்னார்: "காலையில் கதவைத் திறந்தால் முகில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்!"

"அதனால் பிள்ளைகளுக்குச் சளி தீருவதில்லை," என்று பின்னாலிருந்து ஒரு குரல் தொடர்ந்தது.

திரும்பினார். முக்காலியின் இலக்கத்தைத் தேடித் தாளைப் புரட்டிய இராஜகுமாரி, அதன் மறுபக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். அங்கே நீல மையில் நெருக்கமான எழுத்து. கீழே நாற்பது கையெழுத்துகள்.

"அடுத்த வரி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் பெரியதம்பி.

"ரோட்டு கேட்டு இந்த மனுவ எழுதினதே நான்தானே சார்! ஏழு வருஷமா பதிலே வரலன்னு இருந்தோம். பாருங்க, பின்பக்கத்துல படம் போட்டு நீங்களே கொண்டாந்திருக்கீங்க."