முப்பத்திரண்டு ஜீபிக்குள் ஒரு கலியாணம்

ஒரு பொருளை வாங்கப் போனால், கடைக்குள் நிற்கும்வரை எனக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியை உடைத்த பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கே தெரியவரும். (வீட்டில் உள்ளவர்களுக்கு அது முன்பே தெரியும். நாகரிகம் கருதிச் சொல்லாமல் இருப்பார்கள்.) இந்தக் குணத்தால் நான் பட்ட நட்டங்கள் பல. ஆனால் நெட்புக் என்ற ஒரு குட்டிக் கொம்பியூட்டரால் வந்த நட்டம்தான் எல்லாவற்றிலும் பெரிது.

அப்போது மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துப் பெட்டி அடுக்கும் ஆலையில் எனக்கு வேலை. பக்கத்திலேயே வாடகை வீடு. என் மனைவி மாலினியின் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்து ஏறக்குறைய மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் குடிவரவுக் கடதாசிகள் சரிவராமல் கிடந்த காலம் அது என்பதால் மாலினியால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அந்த வருடத் திவசத்துக்கு ரொறன்ரோவிலிருந்து அவளுடைய அக்கா, அதாவது என் மச்சாள், வருவதாக இருந்தது.

"அக்கா வரேக்க எங்கட கலியாண வீடியோவைப் போட்டுப் பாப்பம்" என்றாள் மாலினி.

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? தலைநிறைய மயிரும் தலைப்பாகையுமாய் நான் மணவறையில் வீற்றிருந்த கோலத்தைப் பார்க்க அக்காவும் தங்கையும் ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வீடியோ என்றால், கொழும்பில் ஒரு மண்டபத்தில் எடுத்த பழைய நாடா. கூறைச்சேலையோடு சேர்ந்து சூட்கேசுக்குள் வருடக்கணக்காகக் கிடந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி எங்களிடம் இல்லை. ஆகவே கொம்பியூட்டருக்கு மாற்ற வேண்டும். அதற்கு முதலில் ஒரு கொம்பியூட்டர் வேண்டும். இங்கேதான் என் அறிவு களத்தில் இறங்கியது.

இரண்டு கிழமை ஆராய்ந்தேன். மத்தியான இடைவேளைகளில் கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். கைக்கு எட்டியவை மூன்று. ஒன்று, ஐந்நூறு ஜீபி இடம் கொண்டது. ஆனால் உள்ளே சுழலும் பழைய வகை டிஸ்க், பாரமும் அதிகம். இரண்டாவது, நூற்றிருபத்தெட்டு ஜீபி. எல்லாம் நல்லது, விலையைத் தவிர. மூன்றாவது ஒரு சின்ன நீல நிற நெட்புக். முப்பத்திரண்டு ஜீபி. புத்தகம்போல ஒரு கையில் தூக்கலாம். மலிவு விலையில் போட்டிருந்தார்கள்.

மாலினிக்கு வகுப்பெடுத்தேன்.

"சுத்துற டிஸ்க் விழுந்தா உடைஞ்சுபோம். இது விழுந்தாலும் ஒண்டும் ஆகாது."

"விழுத்தாமல் வைச்சிருக்கலாமே" என்றாள்.

"உமக்கு உது விளங்காது. ஐந்நூறு ஜீபிக்குள்ள வைக்க எங்களிட்ட என்ன கிடக்கு?"

"வீடியோ கிடக்கு."

"ஒரு வீடியோ. அது எவ்வளவு பிடிக்கப்போகுது?"

கடைக்காரப் பெண் என்னை எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. "இது இன்டர்நெட் பார்க்க மட்டும்தான் சரி" என்று பிரெஞ்சில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம் சொன்னாள். நான் இரண்டு மொழியிலும் நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் திறந்து பார்த்தால் முப்பத்திரண்டில் பாதி ஏற்கனவே போய்விட்டது. வாடகைக்குக் கொடுத்த வீட்டில் வீட்டுக்காரன் தன் கட்டில் அலுமாரிகளை எடுக்காமல் போனதுபோல, கொம்பியூட்டரை ஓட்டும் சாமான்கள் உள்ளே பரவிக் கிடந்தன. எனக்கு மிஞ்சியது பதினாறு. இதை நான் மாலினியிடம் சொல்லவில்லை. நல்ல நீல நிறம் என்று மட்டும் சொன்னேன்.

நாடாவை மாற்றிக் கொடுப்பவர் பியர்பொன்ட்ஸில் இருந்த குணம் அண்ணை. ஒருகாலத்தில் மொன்றியல் தமிழர்களின் கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடு எல்லாவற்றையும் படமெடுத்தவர். வீட்டின் நிலக்கீழ் அறையில் பழைய பெட்டிகளுக்கு நடுவே இருப்பார். நாடாவைக் கொடுத்து மூன்றாம் நாள், வியாழன் காலை இரவு வேலை முடித்த கையோடு, இரண்டு பஸ் மாறி நெட்புக்கும் கையுமாகப் போய் இறங்கினேன்.

"தம்பி, பூஞ்சணத்தோட ஒருக்கா ஓடிச்சுது. முடியிற இடத்தில அறுந்துபோச்சு. இனி ஓடாது" என்றார். "ஆனா முழுக்க எடுத்துப்போட்டன். மூண்டு மணித்தியாலம். இருபத்தாறு ஜீபி." பிறகு என் நெட்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள கொள்ளாதே."

"சுருக்கேலாதோ?"

"சுருக்கலாம். முகமெல்லாம் சதுரம் சதுரமா வரும்."

என் முகம் சதுரமாக வருவதில் எனக்குச் சம்மதமில்லை.

"அப்ப நாளைக்கு ஒரு வெளி டிஸ்க் வாங்கிக்கொண்டு வாரும். நாளைவரைக்கும் அழிக்காமல் வைச்சிருக்கிறன்" என்றார். அந்த மனிதர் எனக்கு உயிர்க்கயிறு வீசினார் என்றே சொல்லவேண்டும். நான் பிடிக்கவில்லை. மறுபடி இரண்டு பஸ், மச்சாள் வரும் அவசரம் என்றெல்லாம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. வெளி டிஸ்க் ஒன்றோடு வீட்டுக்குள் நுழைந்தால், இடம் போதாது என்று மாலினி சொன்னது சரி என்றாகிவிடும்.

"தேவையில்லாததை வெட்டுவம் அண்ணை" என்றேன்.

"எதை?"

"சாப்பாட்டை."

எங்கள் கலியாண வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாலிகட்டு பத்து நிமிடம் என்றால் பந்தி ஒரு மணித்தியாலம். கமெராக்காரர் வரிசை வரிசையாகப் போவார். ஒவ்வொருவரும் வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் நாடாவில் அது ஒன்றேகால் மணித்தியாலம். வெட்டினால் மிச்சம் கச்சிதமாக உள்ளே போய்விடும்.

குணம் அண்ணை சுட்டியில் வைத்த கையை எடுத்துவிட்டார். "தம்பி, எத்தனையோ பேருக்கு வெட்டி ஒட்டிக் குடுத்திருக்கிறன். சாப்பாட்டை வெட்டினா ஆக்கள் கோவிப்பினம்."

"கோவிக்கிற ஆக்கள் ஒருத்தரும் இஞ்ச இல்லை அண்ணை. நீங்கள் வெட்டுங்கோ."

வெட்டினார். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். வெட்டிய பகுதியில் ஒரு நிமிடத்தைக்கூட ஓடவிட்டுப் பார்க்கவில்லை. என் தலையில் பால் அறுகு வைக்கும் சடங்கின் இருபது நிமிடத்தை மட்டும் இரண்டு தரம் பார்த்தேன். அறுந்த நாடாவைக் கொண்டுபோகிறீரா என்று கேட்டார். "என்னத்துக்கு அண்ணை பாரம்" என்று அவருடைய குப்பைத் தொட்டியிலேயே போட்டேன்.

சனிக்கிழமை மச்சாள் வந்தா. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நெட்புக்கை ரிவிப் பெட்டியோடு பொருத்தினேன். அப்போது ஒன்பது வயதான எங்கள் மகள் ஆரணி நடுவில். அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். படம் கண்ணாடிபோலத் தெளிவு. நான் பெருமையாக விளக்கம் சொல்லிக்கொண்டு போனேன்.

"என்ர தலைமயிரைப் பாருங்கோ மச்சாள்."

அவ "ஓம் தம்பி" என்றா. கண் என் தலையில் இல்லை. என் தோளுக்குப் பின்னால், மண்டபத்துக் கதவுப் பக்கம் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மாலினி அக்காவின் காதுக்குள், "இல்லை, அதிலை இல்லை. பிறகுதான் வருவா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. யார் வருவா என்று நான் கேட்கவில்லை.

தாலிகட்டு முடிந்தது. மஞ்சள் அரிசி போட்டு எல்லோரும் ஆசீர்வதித்தார்கள். அடுத்த கணம் நானும் மாலினியும் காரில் ஏறிப் போய்விட்டோம். திரை கறுத்தது.

"சாப்பாடு எங்க?" என்றா மச்சாள்.

பசிக்கிறதாக்கும் என்று எண்ணி, "இடியப்பம் இருக்கு மச்சாள், எடுக்கட்டோ?" என்றேன்.

"இல்லை தம்பி. வீடியோவிலை. பந்தி. அம்மா."

மாலினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. மாலினியின் அப்பா, அதாவது என் மாமா, எங்கள் கலியாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். கைம்பெண் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பெற்ற மகளின் தாலிகட்டாக இருந்தாலும் அதுதான் சட்டம். ஆகவே மாமி அன்று முழுக்கச் சாப்பாட்டு மண்டபத்திலேயே நின்றிருக்கிறா. வாளியும் கையுமாகப் பந்தியில் பரிமாறியிருக்கிறா. மூன்று மணித்தியால நாடாவில் அவ தெரிவது அங்கே மட்டும். அவ குரல் பதிவாகியிருப்பதும் உலகத்திலேயே அந்த ஓரிடத்தில் மட்டும்.

இவ்வளவையும் மச்சாள் மெதுவாகச் சொல்லச் சொல்ல, எனக்கு இன்னொன்றும் விளங்கியது. என் சொந்தக் கலியாணத்தில் மாமி எங்கே நின்றா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"வெட்டிப்போட்டன்" என்றேன்.

"எங்க வைச்சிருக்கிறியள்?" என்றாள் மாலினி.

"இடம் காணேல்லை. அதுதான் வெட்டினது."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்துபோய் அடுத்த நாள் படையலுக்குப் பருப்பு ஊறவைத்தாள்.

குணம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "எல்லாம் அழிச்சு, அந்த இடத்தில வேற கலியாணம் ஏத்திப்போட்டன் தம்பி" என்றார். நாடா? "நீர் போன கையோட குப்பை லொறி வந்திட்டுது." அப்படியும் பஸ் ஏறிப் போனேன். வாசலில் அவருடைய குப்பைத் தொட்டி வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். அவர் யன்னலால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு திவசம் நடந்தது. மாமியின் படத்துக்கு முன்னால் பதினாறு வகை வைத்துப் படைத்தாள் மாலினி. படத்தில் மாமி வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தா. நான் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. மச்சாள் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போன பிறகு மாலினி என்னோடு கதைக்கவில்லை. ஆரணி என்னோடு பிரெஞ்சில் மட்டும் கதைத்தாள், அது எனக்கு அரைவாசிதான் விளங்கும் என்று தெரிந்துகொண்டே.

அந்தக் காலத்தில் கலியாண வீடியோவை வெளிநாட்டுச் சொந்தங்களுக்குப் பிரதி எடுத்து அனுப்புவார்கள். அந்த நினைவு வந்ததும் போனைத் தூக்கினேன். பாரிஸில் வீடு மாறியபோது எறிந்துவிட்டார்கள். லண்டனில் நிலக்கீழ் அறைக்குள் வெள்ளம் வந்துவிட்டது. ரொறன்ரோவில் மச்சாளிடம் இருந்ததை யாரோ இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு போனுக்கும் நான் செய்த காரியத்தை முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் கடைசியில், "சரி, எத்தனை ஜீபி வாங்கினீர்?" என்று கேட்டார்கள்.

கடைசியாக நோர்வே. மாலினியின் சித்தப்பா, அவளுடைய அப்பாவின் தம்பி, அங்கே இருந்தார். அவர் நெடுநேரம் இழுத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, நீர் கோவிக்கக்கூடாது. நாடா கிடக்கு. ஆனா உங்கட தாலிகட்டுக்கு மேல, ரிவியில போன பனிச்சறுக்கல் போட்டியைப் பதிஞ்சுபோட்டன்."

"சாப்பாடு, சித்தப்பா?"

"அதைத் தொடேல்லை. அதிலை என்ர அம்மா இருந்து சாப்பிடுறா."

நான் போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் மாலினியிடம் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, "அனுப்பச் சொல்லுங்கோ" என்றாள். அவள் என்னோடு திரும்பவும் கதைத்த முதல் வார்த்தை அது.

சித்தப்பாவின் மகன் அங்கேயே மாற்றி அனுப்பினான். அதற்கு முன்பே நான் வெளி டிஸ்க் மூன்று வாங்கி வைத்திருந்தேன். பிரதியின் பிரதி, நிறமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. நம்பர் கட்டிய ஒருவன் பனிமலையிலிருந்து சறுக்கிக்கொண்டு வருகிறான். பிறகு கோடு கோடாக ஓடுகிறது. பிறகு வாழையிலைகள். சித்தப்பாவின் அம்மா அப்பளம் நொறுக்குகிறா. அந்த வரிசையின் முடிவில் வாளியோடு மாமி வருகிறா. முகம் தெளிவில்லை. கமெராவைக் கண்டதும் நிற்கிறா.

"தம்பி, உதை வைச்சிட்டு வந்து சாப்பிடுங்கோ. சோறு ஆறுது."

கமெராக்காரர் சொல்லுக் கேட்டு, கையிலிருந்த கமெராவைக் கீழே வைக்கிறார். படம் ஆடுகிறது. சீமெந்து நிலம் தெரிகிறது, யாருடையவோ செருப்பு ஒன்று தெரிகிறது, முடிகிறது. மாமி தெரிவது எல்லாமாகப் பதினொரு செக்கன். அன்று அதை எத்தனை தரம் போட்டோம் என்று நான் எண்ணவில்லை. மச்சாள் ரொறன்ரோவில் போனைக் காதில் வைத்தபடி, "இன்னொருக்கா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தா.

இப்போது எங்கள் வீட்டில் கலியாணம் இரண்டாக இருக்கிறது. நீல நெட்புக்குக்குள் சாப்பாடு இல்லாத கலியாணம். அதை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்னைத் தவிர யாரும் திறந்து பார்த்ததில்லை. மூன்று டிஸ்கிலும் கலியாணம் இல்லாத சாப்பாடு. அதை மாலினி ஒவ்வொரு திவசத்துக்கும் போட்டுப் பார்க்கிறாள்.

ஆரணிக்கு இப்போது பதினெட்டு வயது. தமிழ் கதைக்கச் சொன்னால் வாய் கோணும். ஆனால் நான் எந்தக் கருவியை வைத்துக்கொண்டு எந்த விலையை ஆராய்ந்தாலும், குசினியிலிருந்து கொஞ்சமும் பிசிறில்லாத யாழ்ப்பாணத் தமிழில், அவள் ஒருநாளும் நேரில் காணாத ஒரு மனுசியின் இழுவையோடு ஆரணியின் குரல் வரும்.

"தம்பி, உதை வைச்சிட்டு வந்து சாப்பிடுங்கோ. சோறு ஆறுது."

மாலினி சிரிப்பாள். நான் உதை வைத்துவிட்டு எழுந்து போவேன்.