வள்ளல் கொடுத்த ஐஸ்பெட்டி

நாட்டில் வள்ளல்கள் அருகிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறீர்களா? வேண்டாம். யார் வீட்டிலாவது புது ஐஸ்பெட்டி வந்து இறங்கட்டும். பழைய பெட்டியைத் தடவிக்கொடுத்தபடி, சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக மனத்தில் நிறுத்திப் பார்க்கும் ஒருவர் அங்கே நிற்பார். தூக்கிப் போட மனம் வராது. வைத்துக்கொள்ள இடம் இராது. இந்த இரண்டுக்கும் நடுவில் பிறப்பதுதான் கொடை.

மலேசியாவில் அலோர் ஸ்டார் நகரத்துச் சதாசிவம் அந்த இனம். அவரிடம் அகப்பட்டவள், கோலா கெத்திலில் இருக்கும் அவருடைய கொழுந்தியாள் பிரேமலா.

பிரேமலா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். வீட்டு ஐஸ்பெட்டி செத்துப்போனதும், டவுன் கடையில் இரண்டு கதவு வைத்த பெட்டி ஒன்றைப் பார்த்துவைத்து, கணவன் லோகனிடம் படமும் காட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சதாசிவத்தின் போன் வந்தது.

"புதுசு எதுக்கும்மா? நம்ம பெட்டி சிங்கம் மாதிரி இருக்கு. எடுத்துக்க லா!"

அக்கா புருஷன் ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? லோகன் லோரி பிடித்துப் போய் ஏற்றி வந்தான். சிங்கம் வந்த அன்றே கர்ஜித்தது. கதவு மூட வேண்டுமானால் கீழ்மூலையில் ஓர் உதை கொடுக்க வேண்டும். மேலே ஐஸ் உருகும், கீழே கத்தரிக்காய் கல்லாகும், அடியில் எந்நேரமும் ஒரு குட்டிக்குளம் தேங்கிக் கிடக்கும்.

பெட்டி மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. பின்னாலேயே சதாசிவமும் வரத் தொடங்கினார். செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, "இவ்வளவு சாமான் அடைச்சா அது எப்படிம்மா மூச்சு விடும்?" என்பார். அதற்குப் பிறகுதான் மனிதர்களின் நலம் விசாரிப்பு. கல்யாண வீட்டில் லோகனைக் கண்டால் பக்கத்தில் இருப்பவரிடம், "நம்ம சகலதான். இவர் வீட்டு ஐஸ்பெட்டி நான் குடுத்தது" என்று அறிமுகம் செய்துவைப்பார். லோகன் சிரித்துச் சமாளிப்பான். பிரேமலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் சமையலறையிலேயே தான் வாடகைக்கு இருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

மகள் வாசுகியின் பிறந்தநாள் வந்தது. பெண் ஆசைப்பட்டாள் என்று பிரேமலா ஐஸ்கிரீம் கேக் வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். விருந்தாளிகள் சுற்றி நிற்க, வெளியே எடுத்தால் பாயசம்! வாசுகியின் உதடு பிதுங்கியது.

சதாசிவம் தொண்டையைச் செருமினார். "பெட்டி மேல தப்பு இல்ல. வச்சிப் பாக்கத் தெரியணும் லா."

பிரேமலா கேக் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நல்ல பெட்டிதானே மாமா? நீங்களே வச்சிப் பாத்துக்குங்க. நாளைக்கே ஏத்திக்கிட்டுப் போயிடுங்க."

அக்கா கோபித்துக்கொள்வாளோ என்று பிரேமலா பயந்துபோய்ச் சண்முகவள்ளியைப் பார்த்தாள். அக்காவோ தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"எங்க வீட்டுக்குக் கொண்டாந்துடாதீங்க. அந்தக் கதவ ஒதைச்சு ஒதைச்சே என் முட்டி போச்சு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பிரேமலாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எதற்கு இந்தச் சிரிப்பு என்று சதாசிவத்துக்கு மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. கொடுத்தவர் அல்லவா அவர்! உருகிய கேக்கைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, முகம் வாடிப்போய்ச் சீக்கிரமே கிளம்பினார்.

மறுநாள் லோரியோடு வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரமே பிரேமலா வீட்டில் இரண்டு கதவுப் பெட்டி வந்து நின்றது. சிங்கம் அலோர் ஸ்டார் போய்ச் சேரவே இல்லை. அவர் ஆபீசில் குணாளன் என்று ஒருவன், புதுசாகக் கல்யாணமாகி, போகிற வழியில் இருக்கும் குரூனில் குடியிருந்தான். அவன் வாய் திறப்பதற்குள் பெட்டி அவன் வாசலில் இறங்கிவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வருஷம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு வாஷிங் மெஷின் போனதே, அதை வாங்கிக்கொண்டவர்களின் முகத்தை அன்று நிமிர்ந்து பார்த்தீர்களா? "அவங்க சந்தோஷமாத்தான் வாங்கிக்கிட்டாங்க" என்கிறீர்களா?

சதாசிவமும் அதையேதான் சொல்கிறார்.