பரிசல்காரன் முத்தமும் அடியேனின் கத்திரியும்

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை

மகா மரியாதைக்குரிய அத்திம்பேருக்கு அடியேன் ராமானுஜம் அநேக நமஸ்காரம். பெருமாள் கிருபையில் யமுனாவும் நானும் சௌக்கியம். முசிறியில் அக்காவின் முழங்கால் வலியும் தங்கள் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கோபத்துக்குக் காரணம் தெரியும். பாலக்கரையில் ஒரு மாடியில் உட்கார்ந்து நான் நாள் முழுக்க ஆபாசப் படம் பார்க்கிறேன் என்று யாரோ தங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பாலக்கரை உண்மை, மாடி உண்மை, மற்றது உத்தியோகம்.

ரயில்வேயில் ஓய்வு பெற்று, யமுனாவின் சாம்பாருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த என்னை அவளேதான் வேலைக்குத் துரத்தினாள். அந்த மாடியில் ஹாலித், லிசி என்று இரண்டு பேர் மூன்று வருஷமாகப் பாடுபட்டு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கானது. ஒரு ராணி, ஒரு பரிசல்காரன், நடுவில் யுத்தம், முடிவில் காதல். விற்க வேண்டிய இணையக் கடையோ, ஆபாசத்தை நீக்கினால்தான் விற்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டதாம். எது ஆபாசம் என்று மட்டும் சொல்லவில்லையாம். இன்னொரு தரம் திருப்பினால் ஆபீஸையே மூட வேண்டியதுதான் என்று லிசி கண் கலங்கினாள். அதற்குத்தான் நான்.

"சார், நீங்க எங்கெல்லாம் கூச்சப்படுறீங்களோ, அங்கெல்லாம் இந்தப் பட்டனைத் தட்டுங்க. நாங்க மறைச்சிடுறோம்" என்றான் ஹாலித்.

தட்டினேன், அத்திம்பேர்! ராணியின் தோளுக்குத் தட்டினேன், இடுப்புக்குத் தட்டினேன், பரிசலில் இருவர் முழங்காலும் இடித்துக்கொண்டதற்குத் தட்டினேன். லிசி தோளுக்குச் சால்வை போர்த்தினாள். அது காற்றில் பறந்து ராணியின் முகத்தைச் சுற்றிக்கொள்ள, அவள் எதிரியை விட்டுவிட்டுத் தன் குதிரையின் வாலை வெட்டினாள். இடுப்பைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கினார்கள். அந்த மங்கல் எங்கோ பிசகி, கரையிலிருந்த காய்கறிக் கடைக்கும் பரவிவிட்டது. மங்கலான முள்ளங்கியைத் தாங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன். அதற்கும் தட்டினேன். கடைசிக் காட்சியில் பரிசல்காரன், "தொடட்டுமா? வேண்டாம்னா சொல்லிடுங்க" என்று கேட்கிறான். ராணி, "எத்தனை நாளா இதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்" என்கிறாள். ஒரு ராணி பேசுகிற பேச்சா இது என்று அந்தப் பேச்சையும் பின்னால் வந்த முத்தத்தையும் சேர்த்தே எடுக்கச் சொன்னேன்.

அன்றைக்குப் பார்த்து, நான் மறந்துவிட்டு வந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு யமுனா மாடியேறி வந்தாள். திரையில் என் வெட்டுக்குப் பின் மிஞ்சிய கடைசிக் காட்சி. பரிசல்காரன் வாயே திறக்காமல் ராணியின் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிறான், விளக்கு அணைகிறது.

"ஐயையோ! அந்தக் கடங்காரன் அவளை எங்கே இழுத்துண்டு போறான்? பாத்துண்டு உக்காந்திருக்கேளே!" என்று அலறினாள். "ஏம்பா, போலீஸுக்குப் போன் பண்ணு!"

ஹாலித் அவசர அவசரமாக வெட்டாத காட்சியைப் போட்டுக் காட்டினான். யமுனா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தாள்.

"ஏன்னா, கேட்டுட்டுத்தானே தொடறான்? அவளும் சரிங்கறாளே! இதை வெட்டிட்டு அதை வெச்சேளா? அசிங்கம் பண்ணினது அவா இல்லை, நீங்கதான்!"

லிசி சிரித்த சிரிப்பில் நாற்காலி உருண்டு சுவரில் முட்டியது. எனக்குக் காது மடல் கொதித்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை காண முடியவில்லை. வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டி, பதினெட்டு வயதுக்கு மேல் என்று முகப்பில் பெரிதாகப் போட்டு, யமுனா சொன்ன காரணத்தையே கடைக்கு எழுதி அனுப்பினார்கள். நேற்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! ஹாலித் மேஜை மேல் ஏறி ஆடினான். நானும் ஆடினேன், முதுகு பிடித்துக்கொண்டது.

ஆகையால் வதந்தியை நம்ப வேண்டாம். இனி எதையும் மறைக்கச் சொல்லும் பாவத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யமாட்டோம். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்குப் பரிபூர்ண ஆசீர்வாதம்.

அடியேன்,
ராமானுஜம்

பி.கு.: அடுத்த விளையாட்டுக்கு என் வேலையை யமுனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாளே கதாநாயகனுக்கு ஸ்வெட்டர் போடச் சொல்லிவிட்டாள். அவன் சட்டையில்லாமல் நிற்கும்போது கதை மனசில் பதியவில்லையாம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் பதியவில்லையாம்.