நோட்டீஸ் பீரியட் அண்ணன்

பெங்களூரில் உள்ள எல்லாக் கம்பெனிகளிலும் ஒருமுறை சேர்ந்து, எல்லாவற்றையும் ஒருமுறை ராஜினாமா செய்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வாழ்ந்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் அவருக்குப் பெயர் ‘நோட்டீஸ் பீரியட்’. ஐ.டி. கம்பெனியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தபிறகும் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும். அந்தக் காலத்துக்குத்தான் அப்படிப் பெயர். அண்ணன் நிரந்தரமாக அதில்தான் குடியிருந்தார்.

திருவண்ணாமலைக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். வேலையை விடுவதற்கு அவருக்குப் பெரிய காரணமெல்லாம் தேவைப்படாது. ஒரு கம்பெனியில் இருக்கைக்கு எதிரே தூண் இருந்தது. இன்னொன்றில் டீம் லீட் எல்லா மெயிலையும் ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்றே ஆரம்பித்தார். மற்றொன்றில் சேர்ந்த அன்றே, அறிமுகக் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டார். மதியச் சாப்பாட்டை மட்டும் விடவில்லை. வழியனுப்பும்போது கம்பெனிகள் கொடுத்த கோப்பைகளில்தான் எங்கள் அறையே டீ குடித்தது. என் கோப்பையில் உங்களை மறக்கவே மாட்டோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதைக் கொடுத்த கம்பெனியில் அவர் இருந்தது, நோட்டீஸ் காலத்தையும் சேர்த்து, நான்கு மாதம்.

ஓரிடத்தில் உட்காரமாட்டார். தட்டைக் கையில் ஏந்தி மாடிப்படியில் ஏறி இறங்கியபடிதான் சாப்பாடு. கம்பெனி கேப் வரும்வரைகூடப் பொறுக்காமல் நடக்க ஆரம்பித்துவிடுவார். கேப் விடுதி வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். அண்ணன் மேம்பாலத்தடியில் பாதி தூரம் போயிருப்பார்.

அப்படி நடந்த ஒரு காலையில்தான் நான் அவரிடம் மாட்டினேன்.

பொறியியல் படிப்பை முடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கல்லூரியிலேயே ஒரு வேலை கிடைத்திருந்தது. சேரும் நாளை நம்பி ஆம்பூரிலிருந்து கிளம்பி வந்தேன். வந்தபிறகு தேதியைத் தள்ளினார்கள், தள்ளிக்கொண்டே போனார்கள். தெருவே வழியனுப்பி வைத்திருக்க, எந்த முகத்தோடு திரும்புவது? சேர்ந்துவிட்டதாக வீட்டிலும் விடுதியிலும் சொல்லிவிட்டேன். தினமும் பையை மாட்டிக்கொண்டு போய் மேம்பாலத்தடி பஸ் ஸ்டாப்பில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பேன்.

“உனக்கு எந்த பஸ்ஸுடா வேணும்?” என்று கேட்டார் அண்ணன். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு பஸ் எண்கூட ஞாபகம் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. வெயிலில் உட்காராதே என்றார், நடையைக் கட்டினார். பின்னாலேயே கேப் துரத்திக்கொண்டு போனது.

அடுத்த வாரம் அப்பா வந்துவிட்டார். அரசு பஸ்ஸில் கண்டக்டர். மகனுடைய ஆபீஸை வெளியிலிருந்தாவது ஒருதடவை பார்க்கவேண்டுமாம். அண்ணனைத் துணைக்கு அழைத்தேன். அவர் எங்களைத் தன் கம்பெனி வாசலுக்கே கூட்டிப்போனார். எந்த மாடி என்று அப்பா கேட்டதற்கு, ஏழாவது மாடியில் மூன்றாவது கண்ணாடியைக் கூசாமல் காட்டினார். அப்பா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கோபுரத்தைக் கும்பிடுவதுபோல் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார்.

என்னால் தாங்கமுடியவில்லை. “நான் இன்னும் எங்கயும் சேரலப்பா” என்றேன்.

அப்பா நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். அங்கே யார் உட்கார்ந்திருப்பது என்று அண்ணனைக் கேட்டார். தான்தான் என்றும், இன்னும் பதினோரு நாளில் வேலையை விட்டுக் கிளம்புவதாகவும் அண்ணன் சொன்னார்.

“சீட்டு கெடைச்சும் எதுக்குப்பா எறங்கற?” என்று கேட்டார் அப்பா.

ராஜினாமாவுக்கு எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருப்பவர் அன்று அந்தக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார்.

அந்தக் கம்பெனியில் அப்போது ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர் சிபாரிசு செய்தால் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். ராஜினாமா கொடுத்தவருடைய சிபாரிசு செல்லாது. மறுநாள் அண்ணன் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். மனம் மாறியது ஏன் என்று மேனேஜர் கேட்டதற்கு, இங்கே காற்று நன்றாக வருகிறது என்றாராம். ஒரு ஜன்னலையும் திறக்கமுடியாத ஏசி கட்டடம் அது.

அதற்கப்புறம் எனக்கு அங்கே வேலை கிடைக்க நான்கு மாதம் ஆனது. முதல்முறை இன்டர்வியூவில் கோட்டைவிட்டேன். இரண்டாவது முறை தேறி, கடிதத்துக்குக் காத்திருந்தேன். அண்ணன் தூக்கத்தில் காலாட்டுகிற வேகத்துக்குக் கட்டில் நகர்ந்து ஜன்னலோரம் போய்விடும். தினமும் காலையில் இழுத்துப் போடுவோம். “நான் கெளம்பிடவாடா?” என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். இன்னும் கடிதம் வரவில்லை என்பேன். சரி சரி என்று மறுபடியும் நடக்க ஆரம்பிப்பார்.

நான் வேலையில் சேர்ந்த அன்று என்னை உட்காரவைத்து, நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து கொடுத்தார். அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்தார்.

பிறகு புனே, ஹைதராபாத், கொஞ்ச காலம் கொச்சி. இப்போது எங்கேயென்று தெரியவில்லை. நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். சேரும்போது நிரப்பிக் கொடுத்த படிவத்தில், சிபாரிசு செய்தவர் உங்களுக்கு உறவினரா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். அந்த ஒரு பதிலை மட்டும் திருத்திக்கொடுக்க முடியுமா என்று கேட்கலாமா எனப் பலதடவை தோன்றியிருக்கிறது.